மாவு பொங்கும் நேரம்



வீட்டில் ரொட்டி சுடும் முறையைப் பற்றி எழுத வேண்டுமென்று தாய்மார் சிலர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். ஞானக் காரியங்களை எழுத வேண்டிய பங்குக் குருவிடம் சமையற் குறிப்புக் கேட்கலாமா என்று சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் அவர்கள் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஜூன் 13ஆம் நாள், புனித அந்தோனியார் திருநாளன்று, ஏழைகளுக்கு வழங்கும் ரொட்டியைக் கடையில் மூட்டையாக வாங்குவதை விட்டு, வீட்டுக்கு இரண்டு ரொட்டியாகத் தாங்களே சுட்டுக் கொண்டுவர வேண்டுமெனக் காஞ்சிபுரத்துக் குடும்பங்கள் சில விரும்பின. விருப்பம் மிக நல்லதே. ஆனால் சுட்டெடுத்த ரொட்டியோ மேலே செங்கல்லாகவும் உள்ளே களியாகவும் அமைந்தது. அப்பம் கேட்கும் பிள்ளைக்குக் கல்லைக் கொடுக்கும் தகப்பன் உண்டோ என்னும் நற்செய்திப் பகுதியை எடுத்துக்காட்டிப் பெரியவர் ஒருவர் கேலி பேச, அந்தத் தாய்மார் மனம் சோர்ந்து போயினர். ரொட்டி சுடுவது பேக்கரிக்காரர் வேலை, அது நமக்குக் கைவராது என்று முடிவு கட்டிவிட்டனர். அரைக் கிலோ மைதாவும் எண்ணெயும் எரிவாயும் ஒருங்கே வீணாவது, தறியை நம்பி வாழும் வீட்டுக்குச் சிறிய நட்டமன்று.

அந்த முடிவு சரியன்று என்பதே நம் கருத்து. ரொட்டி சுடுவதற்கு வேண்டிய அறிவில் பெரும்பகுதி காஞ்சிபுரத்துத் தாய்மாரிடம் ஏற்கெனவே இருக்கிறது. இட்லி மாவைப் பார்த்த மாத்திரத்தில் இது பொங்கிவிட்டது, இது இன்னும் ஆகவில்லை, இது அளவு மீறிப் புளித்துவிட்டது என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். அந்தக் கண்ணையும் கையையும் ரொட்டி சுடும்போது மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு, அச்சிட்ட குறிப்பையும் சுவர்க் கடிகாரத்தையும் நம்பினார்கள். கோளாறு அங்கேதான்.

அச்சிட்ட குறிப்பு என்ன சொல்லுகிறது? பிசைந்த மாவை வெதுவெதுப்பான இடத்தில் ஒரு மணி நேரம் மூடி வை என்கிறது. இத்தகைய குறிப்புகள் பல, குளிர் நாட்டு அடுக்களையை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. அங்கே அறையின் வெப்பம் 20 டிகிரி அளவில் இருக்கும். ஆகவேதான் வெதுவெதுப்பான இடத்தைத் தேடச் சொல்லுகிறார்கள். நம் ஊரில் அக்கினி நட்சத்திரம் கழிந்த பின்னும் ஜூன் மாதத்து அடுக்களை 35 டிகிரிக்குக் குறைவதில்லை. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் புளிப்பின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும். அங்கே ஒரு மணியில் நடப்பது இங்கே அரைமணியிலோ சற்று மேற்பட்டோ நடந்து முடிந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து பார்க்கும்போது மாவு பொங்கி, உச்சி கடந்து, தளர்ந்து, கள்வாடை வீசத் தொடங்கியிருக்கும். இஃது ஒரு பிழை. மற்றொன்று, வெதுவெதுப்பான நீரில் ஈஸ்டைக் கரை என்று குறிப்பில் கண்டு, கை பொறுக்காத சூட்டில் நீரை ஊற்றுவது. ஈஸ்ட் உயிருள்ள பொருள். 55, 60 டிகிரிச் சூட்டில் அது மாண்டுபோகும். மாண்ட ஈஸ்டைக் கொண்டு எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் மாவு அசையாது.

இட்லி மாவுக்கு இவ்விரு தீங்கையும் எந்தத் தாயும் செய்வதில்லை. மார்கழியில் மாவுப் பாத்திரத்தைக் கம்பளியால் மூடி அடுப்படியில் வைக்கிறாள். சித்திரையில் இரவு வெகு நேரம் கழித்து அரைத்து, பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டின்மேல் வைக்கிறாள். மாவு வழியும் என்று தெரிந்து பாதிப் பாத்திரத்துக்குமேல் ஊற்றுவதில்லை. இதற்கெல்லாம் அவள் கடிகாரம் பார்த்ததுண்டா?

காஞ்சிபுரம் இந்தப் புளிப்புக் கலையில் பெயர் பெற்ற ஊராகும். சின்னக் காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாள் கோவிலில் படைக்கும் இட்லி, ஊர்ப் பெயராலேயே காஞ்சிபுரம் இட்லி என்று நாடெங்கும் வழங்குகிறது. பச்சரிசியையும் உளுந்தையும் சற்றுக் கரகரப்பாக அரைத்துப் புளிக்க வைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் இவற்றைக் கூட்டி, மந்தாரை இலை பரப்பிய நீண்ட மூங்கிற் குடலையில் ஊற்றி, நெடுநேரம் ஆவியில் வேகவைக்கிறார்கள். குடலை இட்லி என்னும் பெயர் அதனால் வந்தது. தட்டில் வார்க்கும் சிறிய இட்லி போல் அன்றி, இது ஒரே பெருந்திரளாக வெந்து, துண்டுகளாக அரியப்படுகிறது. சில நாள் கெடாமலும் இருக்கிறது. கூர்ந்து நோக்கினால் இதுவும் ஒருவகை ரொட்டிதான். மாவை உயிருள்ள பொருள்களைக் கொண்டு பொங்கச்செய்து, ஓர் அச்சில் இட்டு, வேகவைத்து, அரிந்து பகிர்ந்து உண்பது. ஆவிக்கு மாறாக அனல், மூங்கிலுக்கு மாறாகத் தகரம், அவ்வளவே.

அவ்வளவே என்று சொல்லிவிட்டாலும், உள்ளே நடப்பதில் ஒரு வேறுபாடு உண்டு. அதை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

மாவு உப்பி நிற்பதற்கு இரண்டு வேண்டும். ஒன்று, உள்ளிருந்து கிளம்பும் வாயு. மற்றது, அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைக்கும் பிடிப்பு. இட்லி மாவில் வாயுவை உண்டாக்குவன பெரும்பாலும் ஒருவகை நுண்ணுயிரிகள். உளுந்தோடும் அரிசியோடும் அவை இயற்கையாகவே வந்து சேருகின்றன. அவ்வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் பசை. அரிசியை மட்டும் அரைத்து வைத்தால் புளிக்கும். ஆனால் பஞ்சுபோல் எழும்பாது. உளுந்து நன்றாக அரைபட்டு நுரைத்து வரவேண்டும் என்று மாமியார் மருமகளைக் கடிந்துகொள்வதன் உட்பொருள் இதுவே.

ரொட்டியில் வாயுவை உண்டாக்குவது ஈஸ்ட். பிடித்து வைப்பதோ கோதுமையின் புரதம். கோதுமை மாவில் நீர் சேர்த்துப் பிசையும்போது அதிலுள்ள இருவகைப் புரதங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் வலையாக மாறுகின்றன. இதைக் குளூட்டன் என்பர். நெசவாளர் குடும்பத்தார்க்கு இதை விளக்குவது எளிது. பிசையத் தொடங்கும்போது இருப்பது சிக்குண்ட நூல். மடக்கி, தள்ளி, திருப்பி, மீண்டும் மடக்கிப் பிசையப் பிசைய அது பாவும் ஊடையுமாக ஒழுங்குபட்டுத் துணியாகிறது. துணி நெருக்கமாக அமைந்தால் காற்று தங்கும். நூல் நூலாகக் கிடந்தால் காற்று ஓடிப்போகும். ஐந்து நிமிடம் பிசைந்துவிட்டுப் போதும் என்று நிறுத்துவோர், தறியில் நாலு விரற்கடை நெய்துவிட்டுப் புடவை எங்கே என்று கேட்பவரை ஒப்பர். கையால் பிசைந்தால் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வேண்டும்.

ஈஸ்ட் என்பது என்ன என்பதை உலகம் வெகு காலம் அறியாதிருந்தது. புளிப்பு வெறும் இரசாயன மாற்றமே என்று பெரிய அறிஞர்களும் கருதியிருந்தனர். 1857ஆம் ஆண்டு முதலாக லூயி பாஸ்டர் நடத்திய ஆராய்ச்சிகள், அது உயிருள்ள நுண்பொருள்களின் செயல் என்பதை நிலைநாட்டின. ஆனால் பாஸ்டருக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தியர் புளித்த ரொட்டி சுட்டனர். நம் மக்களும் ஈஸ்டைப் பெயரறியாமலே கையாண்டுள்ளனர். கள்ளில் அது இயற்கையாகவே மிகுந்திருக்கிறது. ஆப்ப மாவில் சிறிது கள் சேர்க்கும் வழக்கம் கேரளத்திலும் இலங்கையிலும் இன்றும் உண்டு. தமிழகத்தில் 1987 முதல் கள்ளுக்குத் தடை நிலவுவதால், நம் வீட்டு ஆப்பத்துக்கு இளநீரும் ஈஸ்டும் சோடா உப்புமே கதி.

கோவாவில் போர்த்துக்கீசியர் கோதுமை ரொட்டியைக் கொண்டுவந்தபோது ஈஸ்ட் கிட்டாமையால் தென்னங்கள்ளைக் கொண்டே மாவைப் புளிக்க வைத்தனர். அவர்கள் மொழியில் ரொட்டிக்குப் 'பாவ்ம்' என்பது போல் ஒலிக்கும் பெயர். அதுவே பம்பாயில் பாவ் ஆயிற்று; இலங்கைத் தமிழில் பாண் ஆயிற்று. இங்கே ஒரு சிறு திருத்தம். திருப்பலிக்கு அப்பம் தேவைப்பட்டதாலேயே குருக்கள் கள்ளைக் கொண்டு ரொட்டி சுடக் கற்பித்தனர் என்று எழுதுவோர் உளர். இது பொருந்துவதாக நமக்குத் தோன்றவில்லை. இலத்தீன் வழிபாட்டு முறையில் திருப்பலிக்கு வேண்டியது புளிப்பற்ற கோதுமை அப்பம்; அதற்கு ஈஸ்டும் வேண்டாம், கள்ளும் வேண்டாம். உணவுக்காகச் சுட்ட ரொட்டிக்கே கள் தேவைப்பட்டிருக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது மற்றொன்றையும் சொல்லிவிடுகிறோம். தாம் சுட்ட ரொட்டியையே நற்கருணைக்குப் பயன்படுத்தலாகாதா என்று பக்தி மேலீட்டால் ஓர் அம்மையார் வினவினார். ஆகாது. கோதுமையால் மட்டுமே அண்மையில் செய்யப்பட்ட, இலத்தீன் முறையில் புளிப்பற்ற அப்பமே ஏற்கத்தக்கது எனத் திருச்சபைச் சட்டத்தின் 924, 926ஆம் விதிகள் கூறுகின்றன. ஈஸ்டும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்ந்த ரொட்டியைக் காணிக்கைப் பவனியில் ஏழைகளுக்கான பொருளாகக் கொண்டுவரத் தடையேதும் இல்லை.

கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் பெரிய வியாழன் இரவில் வீட்டில் பகிரும் பெசகா அப்பம், புளிப்பற்ற அப்பத்துக்கு நாம் அறிந்த அழகிய எடுத்துக்காட்டு. அரிசியும் உளுந்தும் சேர்ந்த மாவைப் புளிக்கவிடாமல் உடனே ஆவியில் வேகவைக்கிறார்கள். நம் இட்லியின் பண்டங்களேதான். இரவு முழுதும் காத்திருக்கும் நேரம் ஒன்றே குறைவு. எகிப்தை விட்டுப் புறப்பட்டவர்க்கு மாவு பொங்கும்வரை காத்திருக்க நேரம் இல்லை என்பதை, இரண்டையும் அருகருகே வைத்துச் சுவைப்பவர் நாவாலேயே அறிந்துகொள்வர்.

இனி அடுக்களைக்குள் நுழைவோம்.

ஒரு ரொட்டிக்கு மைதா 500 கிராம் எடுத்துக்கொள்க. முழுக் கோதுமை மாவு உடலுக்கு நல்லதென்று முழுவதும் அதையே போட வேண்டாம். அதிலுள்ள தவிடு, நாம் சொன்ன வலையை அறுத்துவிடும்; முதல் ரொட்டியே கனத்துப்போய் மனம் தளர்ந்துவிடும். கை பழகிய பிறகு 350க்கு 150 என்ற கணக்கில் கலக்கலாம். அப்போது நீரும் சற்றுக் கூடுதலாக வேண்டும். உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி. எண்ணெயோ வெண்ணெயோ இரண்டு மேசைக்கரண்டி. தண்ணீர் சுமார் 300 மில்லி. மாவுக்கு மாவு இது மாறும். உப்பை மறந்துவிட்டால் சுவை மட்டுமன்று, மாவின் கட்டும் குலையும். ஈஸ்டும் கடிவாளமின்றி ஓடும்.

உலர்ந்த ஈஸ்டின் அளவில்தான் நம் ஊரின் வெப்பத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். மார்கழி, தை மாதங்களில் ஒன்றரைத் தேக்கரண்டி. சித்திரை முதல் ஆனி வரை முக்கால் தேக்கரண்டி போதும். கடையில் வாங்கிய பொட்டலம் வெகு நாள் திறந்து கிடந்ததாயின் அதில் உயிர் இருக்கிறதா என்று முதலில் சோதித்துக்கொள்க. அரைக் கிண்ணம் இளஞ்சூட்டு நீரில் ஒரு சிட்டிகைச் சர்க்கரையோடு தூவி வைத்தால் பத்து நிமிடத்தில் நுரை கட்டும். கட்டாவிடில் அதை மாவில் கொட்டி மாவையும் பாழாக்க வேண்டாம். நீரின் சூட்டைக் குழந்தைக்குப் பால் ஆற்றிப் பார்ப்பதுபோல் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டு அறியலாம். சூடு உறைத்தால் அது மிகுதி. மீதி மாவைப் பிசைவதற்குக் கோடையில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்நீரை நேரே பிடிக்காதீர்கள். வெயிலில் கொதித்த நீர் அது. மண்பானைத் தண்ணீரே ஏற்றது.

பிசையும் மாவு முதலில் கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மேன்மேலும் மாவைத் தூவுவது வழக்கமான தவறு. சப்பாத்தி மாவின் இறுக்கம் இதற்கு ஆகாது. அதைவிட இளகியே இருக்கவேண்டும். விடாது பிசைந்தால் ஒட்டுதல் தானே அடங்கும். ஒரு சிறு உருண்டையை எடுத்து இரு கைவிரல்களாலும் மெல்ல விரித்துப் பாருங்கள். கிழியாமல், ஒற்றைப் பட்டிழைத் துணிபோல் ஒளி ஊடுருவித் தெரியுமானால் நெசவு முடிந்தது. கிழிந்தால் இன்னும் பிசைய வேண்டும்.

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். இப்போது கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு மாவைக் கவனியுங்கள். அது இருமடங்காக வேண்டும். ஆனி மாதத்தில் முக்கால் மணிக்குள் ஆகலாம். மார்கழியில் ஒன்றரை மணியும் கடக்கலாம். மாவு தோய்த்த விரலை உள்ளே அழுத்தி எடுத்தால் குழி நிலைத்து நிற்க வேண்டும். உடனே மூடிக்கொண்டால் இன்னும் காலம் ஆகவில்லை. சுற்றியுள்ள மாவும் சேர்ந்து அமுங்கினால் காலம் கடந்தது. கடந்தாலும் எறிய வேண்டாம். மீண்டும் சிறிது பிசைந்து உருட்டி வைத்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

பொங்கிய மாவை மெல்ல அமுக்கிக் காற்றை வெளியேற்றி, பாய் சுருட்டுவதுபோல் இறுக்கமாகச் சுருட்டி, ஒன்பது அங்குல நீளமுள்ள எண்ணெய் தடவிய டின்னில் மடிப்பு கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். மறுபடியும் பொங்கும். டின்னின் விளிம்பை எட்டியதும் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். முதற்பொங்கலை விட இந்த இரண்டாம் பொங்கலில்தான் நம்மவர் ஏமாறுகின்றனர். இன்னும் சிறிது எழட்டும் என்று ஆசைப்பட்டு விட்டுவைத்தால், வலை தன் வலிமை அனைத்தையும் இழந்து, அடுப்பின் சூடு பட்டவுடன் நடுவில் குழிந்துவிடும். அடுப்புக்குள் எழுவதற்கும் அதற்குச் சிறிது வலிமை மிஞ்சியிருக்க வேண்டும்.

முன்னரே 200 டிகிரிக்குச் சூடேற்றிய ஓவனில் 30 முதல் 35 நிமிடம். டின்னிலிருந்து எடுத்து அடிப்புறத்தை விரலால் தட்டினால் காலிக் குடத்தைத் தட்டியதுபோல் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் டின் இல்லாமலே மேலும் ஐந்து நிமிடம் உள்ளே வைக்கலாம். ஆறும்வரை வெட்டாதீர்கள். ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். சூட்டோடு வெட்டினால் வெந்த ரொட்டியும் வேகாததுபோல் பிசுபிசுக்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த ஒரு மணி நேரம் ஈஸ்டைக் காட்டிலும் பெருஞ்சோதனை என்பதை நாம் அறிவோம்.

ஓவன் இல்லாத வீடுகளே நம் பங்கில் மிகுதி. கனத்த அடியுள்ள ஆழமான பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கல்லுப்பையோ சுத்தமான மணலையோ பரப்பி, அதன்மேல் ஒரு முக்காலித் தட்டு வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றி, டின்னை உள்ளே இறக்கி, மிதமான தீயில் முக்கால் மணி முதல் ஐம்பது நிமிடம்வரை வைத்தால் ரொட்டி வெந்துவிடும். மேற்புறம் மட்டும் வெளுத்திருக்கும்; திருப்பிப் போட்டுச் சிறிது நேரம் வாட்டலாம். குக்கரை இதற்குப் பயன்படுத்துவோர் வெயிட்டையும் கேஸ்கட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். இதை மறந்தால் ரொட்டி மட்டுமன்று, ஆளும் அபாயத்துக்குள்ளாவர்.

தறியில் அமரும் தாய்மார்க்கு இடையிடையே எழுந்து மாவைப் பார்ப்பது எங்ஙனம் இயலும் என்று கேட்கக்கூடும். அவர்களுக்காகவே ஒரு வழி உண்டு. ஈஸ்டை அரைத் தேக்கரண்டியாகக் குறைத்து, குளிர்ந்த நீரில் இரவு பிசைந்து, மூடியுள்ள பெரிய பாத்திரத்தில் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டால், இரவெல்லாம் அது மெதுவாகப் பொங்கும். விடிந்ததும் எடுத்து உருட்டி டின்னில் இட்டால், காலை வேலைகள் முடிவதற்குள் இரண்டாம் பொங்கலும் நிறைவேறும். வேகத்தில் புளித்த மாவைவிட இதன் சுவையும் மேலானது. நமக்கு இம்முறையே மிகவும் பிடித்தது.

கடையில் ரொட்டி கிடைக்கும்போது இத்தனை பாடு எதற்கு? நேர்மையாகச் சொன்னால், ஒரே ஒரு ரொட்டிக்காக ஓவனை முக்கால் மணி நேரம் எரிப்பது இலாபமன்று. மூன்று நான்கு டின்களை ஒருங்கே வைத்தால்தான் கட்டுபடியாகும். ஆகவே ஓவன் உள்ள ஒரு வீட்டில் நான்கு வீட்டார் தத்தம் மாவைக் கொண்டுவந்து சுடுவதே அறிவுடைமை. ஐரோப்பியச் சிற்றூர்களில் ஊருக்கு ஒரு பொது அடுப்பு இருந்த காலம் உண்டு.

கடை ரொட்டியைப் பழிப்பதும் நம் நோக்கமன்று. 1965இல் மத்திய அரசு மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கி, வெட்டிப் பொட்டலமிட்ட ரொட்டியைச் சாதாரண மக்களுக்கும் எட்டச் செய்தது. 2000ஆம் ஆண்டில் அது தனியார் கைக்கு மாறியது. அதுவரை நம் ஊர்களில் ரொட்டி என்றால் காய்ச்சற்காரன் உணவு என்றே பொருள். ஆனால் ஆலை ரொட்டியில் காலம் சுருக்கப்படுகிறது. 1961இல் இங்கிலாந்தில் சார்லிவுட் என்னும் இடத்தில் வகுத்த முறைப்படி, அதிவேக இயந்திரத்தால் மாவைக் கலக்கி, நெடும்புளிப்பின் நேரத்தை மிகவும் குறைத்துவிட்டனர். காலம் செய்யும் வேலையை இயந்திரமும், மாவை வலுப்படுத்தும் மருந்துகளும் செய்தன. நம் நாட்டில் அத்தகைய மருந்துகளில் பொட்டாசியம் புரோமேட்டும் ஒன்றாக இருந்தது. 2016 மே மாதத்தில் தில்லியிலுள்ள அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 38 ரொட்டி மாதிரிகளைச் சோதித்து, அவற்றுள் 84 விழுக்காட்டில் புரோமேட் அல்லது அயோடேட்டின் எச்சம் இருப்பதாக அறிவித்தது. புரோமேட் புற்றுநோயை விளைவிக்கக்கூடியதாகக் கருதப்படுவதால், அடுத்த மாதமே அரசு அதைத் தடை செய்தது. தடை வந்தது நன்றே. எனினும் மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கில் அடங்கும் ஒரு பண்டத்துக்கு இவ்வளவு துணைகள் ஏன் தேவைப்பட்டன என்று எண்ணிப் பார்க்கலாம். காத்திருக்க மனமில்லாமையே காரணம்.

பொட்டலத்தில் ஈஸ்ட் வருவதற்கு முன்பு, முந்திய நாள் மாவில் ஒரு பிடியை எடுத்துவைத்து அடுத்த மாவில் கலப்பதே வழக்கம். நற்செய்தியில் ஒரு பெண் மூன்று மரக்கால் மாவில் கலந்து வைத்தது இத்தகைய பழைய புளிப்பு மாவைத்தான். மூன்று மரக்கால் என்பது ஒரு குடும்பத்துக்கான அளவன்று. நூறு பேருக்குமேல் உண்ணத்தக்க மாவு என்று விவிலிய அறிஞர் கணக்கிடுவர். புனித சின்னப்பர் பழைய புளிப்பு மாவைத் தீமைக்கு உவமையாக்கினார். ஆண்டவரோ அதையே விண்ணரசுக்கு உவமையாக்கினார். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கிப் பால் உறையூற்றிய நமக்கு இதன் வழக்கம் புதிதன்று. நீங்களும் பிசைந்த மாவில் ஒரு கைப்பிடியை எடுத்து, மூடிய கிண்ணத்தில் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் இருக்கும். அடுத்த முறை அதைச் சேர்த்துப் பிசைந்தால் ஈஸ்ட் பாதியாகக் குறையும், மணமும் கூடும்.

அந்தோனியார் ரொட்டிக்கு வருவோம். ஏழைகளுக்கு ரொட்டி நேர்ந்துகொள்ளும் இவ்வழக்கம் இன்றைய வடிவில் பரவியது 1890இல் பிரான்சு நாட்டுத் தூலோன் நகரிலிருந்து. லூயிஸ் பூஃபியே என்னும் பெண்மணி தம் கடையின் பூட்டுத் திறவாமல் திகைத்தபோது, கதவை உடைக்காமலே திறக்குமானால் ஏழைகளுக்கு ரொட்டி அளிப்பதாகப் புனிதரிடம் நேர்ந்துகொண்டார் என்பது வரலாறு. நேர்ச்சை ஏழைகளுக்கு. ஆகவே உண்ணத்தகாத ரொட்டியைக் கொடுத்து நேர்ச்சை நிறைவேறியதென்று அமைதி கொள்ளலாகாது. கல்லாய்ப் போனதைக் கோழிக்குப் போட்டுவிட்டு அன்றைக்குக் கடை ரொட்டியையே வாங்கிக் கொடுங்கள். அதில் இழிவொன்றும் இல்லை. திருநாளுக்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டாருக்காகச் சுட்டுப் பழகிக்கொண்டால் இந்நிலை நேராது.

ஜூன் 12 இரவு மாவைப் பிசைந்து குளிர்பெட்டியில் வைத்து, 13ஆம் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு எடுத்து டின்னில் இட்டால், ஏழு மணிக்குள் சுட்டு முடிக்கலாம். மாலைத் திருப்பலிக்குள் நன்றாக ஆறிவிடும். சுட்ட ரொட்டியைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம். அங்கே விரைவில் விறைத்துப்போகும். சூடு முற்றும் ஆறிய பின் சுத்தமான துணியில் சுற்றி வைத்தால் மறுநாளும் நன்றாக இருக்கும். துண்டு போடாமல் முழு ரொட்டியாகவே கோவிலுக்குக் கொண்டுவாருங்கள். வாங்குவோர் தம் வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து வெட்டிக்கொள்ளட்டும்.